ஏழு அயர்ன் செம்பனைக்குள் பறந்தது: கோல்ஃபில் பொறுமை எப்படி வரும்?

மில்_சைரன்:

வணக்கம். பேராக்கில், பீடோருக்கும் தெலுக் இந்தானுக்கும் நடுவில் ஒரு எஸ்டேட் டவுனில் இருக்கிறேன். வயது 43. துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள் போட்ட ஒன்பது குழி மைதானம் ஒன்று இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் மிச்சம் இருக்கும் பழைய கித்தா (ரப்பர்) மரங்கள், நடுவில் ஒரு பெரிய கான் (வாய்க்கால்). பக்கி வண்டி எல்லாம் கிடையாது, பையை நாமேதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

மூன்று வருடமாக ஆடுகிறேன், ஹண்டிகேப் (பதினெட்டு குழிக்குக் கிடைக்கிற சலுகை அடிகள்) 26. ஆட்டம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆடும்போது என்னை எனக்கே பிடிப்பதில்லை. முதல் மூன்று குழி சிரித்துப் பேசிக்கொண்டுதான் போவேன். அப்புறம் எங்கேயாவது ஒரு பந்து கானில் விழும், இல்லாவிட்டால் மூன்றடி தூரத்துப் பட் (குழிக்குள் உருட்டிவிடும் அடி) ஒன்று குழி விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்து நிற்கும், அதோடு சரி, முகம் மாறிவிடும், கூட வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், நானும் அடுத்த பந்தை ஏதோ பழி வாங்குகிற மாதிரி ஓங்கி அடிப்பேன், அது இன்னும் மோசமான இடத்துக்குப் போகும்.

இதை இங்கே எழுதக் காரணம் என் மகன். பதினொரு வயது. சனிக்கிழமைகளில் கூட வருவான், பை இழுப்பான், குழியைச் சுற்றி இருக்கும் கிரீனில் பட் அடிக்க அவனுக்கு ஒரு பழைய பட்டர் கொடுத்திருக்கிறேன். போன மாதம் ஐந்தாவது குழியில் நான் பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, பந்து இருபது மீட்டர் உருண்டு நின்றது. கையிலிருந்த ஏழு அயர்னை (இரும்புத் தலை வைத்த கிளப், அதாவது கோல்) அப்படியே சுழற்றி எறிந்துவிட்டேன். செம்பனை வரிசைக்குள் போய், வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலில் விழுந்தது. பையன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். முழங்கைக்குக் கீழே மட்டை முள் கிழித்த கோடு ஒன்று. பிடியைத் தன் சட்டையில் துடைத்துப் பையில் வைத்தான். அடுத்த சனிக்கிழமை எழுப்பினால், "நீங்க போய்ட்டு வாங்கப்பா, எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்கிறான். அப்போது பள்ளி விடுமுறை.

அதனால் கேட்கிறேன். பொறுமையை வளர்த்துக்கொள்ள நீங்கள் உண்மையாகவே ஏதாவது செய்து பலன் கிடைத்திருக்கிறதா? "பாசிட்டிவா இருங்க" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வீட்டில் ஏற்கனவே சொல்லிவிட்டாள். எனக்குப் பூமி எல்லாம் வேண்டாம், ஒன்பது குழியை மனுஷனாக முடித்தால் போதும்.

லயத்து_லெஃப்டி:

அண்ணே, முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் தனி ஆள் இல்லை. பாபி ஜோன்ஸ் என்று ஒரு அமெரிக்க ஆட்டக்காரர் இருந்தார். 1921-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பன் ஆடும்போது மூன்றாவது சுற்றில் பங்கருக்குள் (மணல் பள்ளம்) மாட்டி, அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஆத்திரத்தில் பந்தைக் கையில் எடுத்துவிட்டார், ஆட்டத்திலிருந்தே வெளியே. அதே வருடம் இன்னொரு போட்டியில் அவர் எறிந்த கிளப் பார்வையாளர் ஒருவரின் காலில் பட்டது. இவ்வளவு கோபக்காரர் 1927-இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பன் ஜெயித்தார், 1930-இல் ஒரே வருடத்தில் அன்றைய நான்கு பெரிய போட்டிகளையும் எடுத்தார். குணம் மாறும் அண்ணே, பிறவிக் குணம் என்று விட்டுவிடாதீர்கள்.

செய்து பார்த்தது என்று கேட்டால், டைகர் உட்ஸ் சொல்லும் பத்து அடிக் கணக்குதான். மோசமாக அடித்தால் பத்து அடி நடக்கிற வரைக்கும் கோபப்படலாம், பதினொன்றாவது அடியில் அந்தப் பந்து முடிந்த கதை. கோபமே வரக்கூடாது என்று நான் முதலில் முயன்று பார்த்தேன், அது வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மூன்று குழி தள்ளி வெடித்தது. இப்போது பத்து அடிக்குள் மனதில் என்னென்ன வார்த்தை வருமோ அத்தனையும் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். சில நாள் பத்து போதாமல் முப்பது அடி ஆகும், அதை யார் எண்ணப் போகிறார்கள்.

கிளப் மட்டும் கையில் இருக்கக்கூடாது. அடித்தவுடன் பையில் போட்டுவிட்டுத்தான் நடை. வெறுங்கையால் எதை எறிய முடியும்?

கணக்குப்பிள்ளை:

தம்பி, உங்களுக்குக் கோப வியாதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கணக்கைத்தான் தப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹண்டிகேப் 26 என்றால் என்ன என்று நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2020-இல் வந்த உலக ஹண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டத்தில் மிக நன்றாக ஆடிய 8 ஆட்டத்தை மட்டும் எடுத்து அதன் சராசரியைப் போடுகிறார்கள். மிச்சம் 12 கணக்கிலேயே வராது. அதாவது 26 என்பது நீங்கள் நன்றாக ஆடிய நாட்களின் முகம். வழக்கமான சனிக்கிழமையின் முகம் அதைவிடக் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இப்போது உங்கள் ஒன்பது குழியை எடுப்போம். பார் (நல்ல ஆட்டக்காரருக்கு வைத்திருக்கும் அடிக் கணக்கு) 36 என்று வைத்துக்கொள்ளுங்கள், மைதானத்தின் கஷ்டத்தை அளக்கும் ஸ்லோப் ரேட்டிங் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். 26-இல் பாதி 13. ஆக 36-உம் 13-உம் 49. இந்த 49 வருவதே உங்களுக்கு நல்ல நாள். சாதாரண நாளில் 52, 53 வரும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த 13-ஐக் குழிக்குக் குழி பிரித்தால் எல்லாக் குழியிலும் ஒரு அடி உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது, நான்கு குழியில் இரண்டு அடி. அந்த நான்கு குழியில் டபுள் போகி (பாருக்கு மேல் இரண்டு அடி) போட்டால் அதுதான் உங்கள் பார்! ஆனால் நீங்கள் அங்கே டபுள் போகி போட்டுவிட்டு, உலகமே முடிந்த மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன், ஒரு நாசி லெமாக்.

நான் மில் ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதின ஆள், அதனால் இப்படித்தான் புத்தி போகும். முதல் பந்தை அடிப்பதற்கு முன்னாலேயே ஸ்கோர்கார்டில் ஒவ்வொரு குழிக்கும் அச்சடித்த பாரைப் பேனாவால் அடித்துவிட்டு என் பாரை எழுதிவிடுவேன். நான்கு என்று போட்டிருக்கும் இடத்தில் ஐந்து, கஷ்டமான குழியில் ஆறு. அதற்குப் பிறகு அந்த ஆறுதான் எனக்குச் சட்டம். முதல் பந்து கானில் விழுந்து அபராதத்தோடு வெளியே வந்தாலும் ஆறில் முடிக்க வழி இருக்கிறதா என்றுதான் மனம் தேடும்.

இன்னொன்று, சும்மா ஆடும்போதும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் எண்ணுங்கள். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் கண்டுபிடித்தது, 1932-இல் வாலசி கிளப்பில் ஆடத் தொடங்கினார்கள். உங்கள் பாரில் முடித்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, இரண்டு கூடினால் பூஜ்யம். அதற்கு மேல் எத்தனை அடித்தாலும் பூஜ்யம்தான், மைனஸ் என்று எதுவும் இல்லை, பந்தைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். ஒரு குழி கெட்டால் அது அந்தக் குழியோடு போய்விடும். ஒன்பது குழியில் 18 புள்ளி வந்தால் ஹண்டிகேப்புக்குச் சரியாக ஆடினீர்கள் என்று அர்த்தம். மொத்த அடியை எண்ணிக்கொண்டு போனால் இரண்டாவது குழியில் போட்ட ஒன்பது கடைசி வரை தோளில் உட்கார்ந்துகொண்டே வரும், இறங்காது.

சுங்கை_அக்கா:

நானும் ஆடுகிறேன், வேலை ஆஸ்பத்திரியில். கணக்கெல்லாம் சரிதான் அண்ணே. ஆனால் தம்பி ஒரு விஷயம் எழுதவில்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஆடுகிறீர்கள்? அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள்? கோபம் வழக்கமாக எந்தக் குழியில் ஆரம்பிக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், நான்காவது ஐந்தாவது குழி என்பது நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்த பிறகு. வெறும் தே தாரிக்கைக் குடித்துவிட்டு வந்தவருக்கு அந்த நேரத்தில் உடம்பில் தண்ணீரும் இருக்காது, தெம்பும் இருக்காது. தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்றால் பிந்திவிடும். நான் இரண்டு குழிக்கு ஒரு தடவை தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடிப்பேன், நான்காவது குழியில் ஒரு வாழைப்பழம். முன்னெல்லாம் நானும் ஐந்தாவது குழியில் எரிந்து விழுவேன், எதிர்மறை எண்ணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பசி.

மில்_சைரன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் செம்பனை மில்லில் ஷிஃப்ட் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் சனி காலை ஏழு மணிக்கு முடியும், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மகனை ஏற்றிக்கொண்டு ஏழே முக்காலுக்கு முதல் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) நிற்பேன். சாப்பாடு, மாமாக் கடையில் ஒரு தே தாரிக். வாரம் முழுக்க இதற்காகக் காத்திருப்பதால் தூக்கம் வருவதே தெரியாது.

கணக்குப்பிள்ளை அண்ணே, நாசி லெமாக் நீங்களே ஜெயித்தீர்கள். நான்காவது குழி எனக்கு இரண்டு அடி கிடைக்கிற குழி, அதில் ஆறு போட்டதற்குத்தான் மூன்று வாரத்துக்கு முன் பந்தை ஏற்றி வைக்கும் ஒரு டீ குச்சியை மண்ணோடு மிதித்து உடைத்தேன்.

லயத்து_லெஃப்டி:

அண்ணே!! ராத்திரி முழுக்க பாய்லர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து பார் எதிர்பார்க்கிறீர்களா? அந்த நிலைமையில் எனக்கு வீட்டுச் சாவித் துவாரமே கண்ணுக்குத் தெரியாது.

சுங்கை_அக்கா:

அப்படியென்றால் மற்ற எதையும் செய்வதற்கு முன் நாளை மாற்றுங்கள். தூங்காத மூளையிடம் பொறுமை கேட்பது காலி டாங்கியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்த கையோடு மகனை வைத்துக் கார் ஓட்டுவது வேறு, அதைப் பற்றி உங்கள் வீட்டில் பேசட்டும், நான் பேசவில்லை.

பழைய_கேடி:

இந்தப் பக்கம் நான் அதிகம் எழுதுவதில்லை, பேரன்தான் படித்துக் காட்டினான், டைப் அடிப்பதும் அவன்தான், நான் சொல்கிறேன். அறுபதுகளின் கடைசியில் பன்னிரண்டு வயதில் கேடியாக (ஆடுகிறவர் பையைத் தூக்கும் பையன்) போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்துக்கு ஓடுவோம், யார் பை கிடைக்கும் என்று வரிசையில் உட்கார்ந்திருப்போம். நல்ல ஆட்டக்காரர் பை கிடைக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை இல்லை, கோபக்காரர் பை கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒரு துரை இருந்தார், பட் தவறினால் பட்டரைக் குளத்தில் வீசுவார், மறுநாள் காலையில் ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டு அதை முங்கி எடுக்கச் சொல்வார். ஐம்பது காசு கொடுப்பார். ஒரே பட்டரை நான் நான்கு தடவை எடுத்திருக்கிறேன். அந்தக் காசு எனக்கு லாபம்தான், ஆனால் அவர் ஆட்டம் கடைசி வரை அதே இடத்தில்தான் நின்றது.

இன்னொருவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா), நம் ஆள். ஐந்தே ஐந்து கிளப்தான் வைத்திருந்தார், அதுவும் யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுப் போனது. ரொம்ப தூரம் அடிக்கிற டிரைவர் கிளப்பைத் தொடவே மாட்டார். பார்க்க அழகான ஆட்டம் கிடையாது, அடிக்கும்போது உடம்பு தெலுக் இந்தான் மணிக்கூண்டு மாதிரி ஒரு பக்கம் சாயும். ஆனால் மாதக் கடைசியில் துரைமார்களிடம் பந்தயக் காசு வாங்குகிறவர் அவர்தான். அவரிடம் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும், கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. அடித்தவுடன் கிளப் முகத்தில் ஒட்டின மண்ணை அந்தத் துண்டால் துடைப்பார். நல்ல அடி என்றாலும் துடைப்பார், கேவலமான அடி என்றாலும் அதே வேகத்தில் அதே மாதிரி துடைப்பார். அப்புறம் துண்டை நான்காக மடித்துப் பின் பாக்கெட்டில் வைப்பார். மடிக்கிற வரைக்கும் அந்த அடியைப் பற்றி என்னிடம் பேசுவார், "கை முந்திடுச்சுடா", "காத்தைப் பாக்காம விட்டுட்டேன்" என்பார். பாக்கெட்டுக்குள் துண்டு போன பிறகு அந்தப் பேச்சு கிடையாது. வானத்தைப் பற்றிப் பேசுவார், எங்கள் வீட்டில் என்ன கறி என்று கேட்பார், நடந்துகொண்டே இருப்பார். ஒரு தடவை நான் வாய் தவறி, "நேத்து அந்த எட்டாவது குழியில" என்று ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்து, "துண்டு எங்கேடா இருக்கு?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இதை நான் அவரிடம் புதிதாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது, எங்கள் அம்மா இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கித்தா மரத்தில் பால்வெட்டு வேலை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்கும் இடம்) போய், இருட்டிலேயே நிரையில் நிற்பாள், காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். அவள் நிரையில் நானூறுக்கு மேல் மரம். பட்டையை வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழம் போய்விட்டால் மரம் காயப்படும், அந்த இடம் முண்டு முண்டாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது, கங்காணி கண்ணில் பட்டால் வசவு. நான் சின்னப் பையனாகக் கூடப் போவேன், கோப்பை துடைக்க. ஒரு நாள் அம்மா கத்தி உள்ளே இறங்கிவிட்டது, எனக்கே தெரிந்தது. அவள் வெட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள், அடுத்த மரத்துக்கு நடந்தாள். அந்த மரத்தில் மட்டும் கத்தியை வழக்கத்தைவிட மெதுவாக இழுத்தாள். அதற்கடுத்த மரத்தில் பழைய வேகம். இன்னும் முந்நூற்றுச் சொச்சம் மரம் பாக்கி இருக்கும்போது ஒரு மரத்தடியில் நின்று அழ அவளுக்கு நேரம் எங்கே இருந்தது? தம்பி, நீங்கள் மண்ணை வெட்டின பிறகு அடுத்த பந்தை ஓங்கி அடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் தப்பு. கெட்டுப்போன அடிக்கு அடுத்த அடியை மெதுவாக, சின்னதாக எடுங்கள். ஃபேர்வேக்கு (நடுவில் வெட்டிவிட்ட புல்வெளி) கொண்டு வந்து போடுங்கள், போதும்.

பையனை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். அந்த மட்டைக் குவியலில் பாம்பு இருக்கும் தம்பி.

பந்து_எங்கே:

ஐயா எழுதினதற்குப் பிறகு எழுதவே தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் பாசிட்டிவ் மைண்ட்செட் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அதில் ஏமாந்தவன். வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு ஒவ்வொரு பட்டுக்கும் முன்னால், "போகும், கண்டிப்பா போகும்" என்று சொல்லிக்கொண்டு அடித்தேன். போகாதபோது ஏமாற்றம் இரண்டு மடங்காக வந்தது. பிறகு தெரிந்தது, அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்துப் பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். எட்டடி! நான் அதைத் தவறினால் குடும்பக் கௌரவம் போன மாதிரி நிற்பேன்.

"கானில் போட்டுவிடாதே" என்று சொல்லிக்கொண்டு அடித்தால் மனதில் இருப்பது கான்தான். அதனால் நான் கானையும் பேசுவதில்லை, ஜெயிப்பதையும் பேசுவதில்லை. ஒரு சின்னக் குறியை எடுத்துக்கொள்வேன். "அந்த மூன்றாவது செம்பனையில் காய்ந்து தொங்கும் மட்டை" என்று வாயால் சொல்லிவிட்டு அடிப்பேன். பந்து எங்கே போனாலும், குறியை முடிவு செய்துவிட்டுத்தான் அடித்தேனா, இல்லை சும்மா வீசினேனா, அது ஒன்றுதான் நான் என்னிடம் கேட்கிற கேள்வி. பாசிட்டிவ் என்பதில் என் கைக்கு எட்டுவது அவ்வளவுதான்.

இன்னொன்று, நம் ஊர்ச் சின்ன மைதானங்களில் ஃபேர்வே முழுக்க அகல இலைப் புல்தான், கௌகிராஸ் என்போமே. மழை பெய்து வளர்ந்திருந்தால் பந்து உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும், கீழே விழுந்தாலும் உருளாது. டிவியில் பார்க்கிற புல்லில் பந்து மேலே உட்கார்ந்திருக்கும், அதை நினைத்துக்கொண்டு நீளமான அயர்னை எடுத்தால் மண்ணைத்தான் வெட்டுவோம். அந்த மாதிரி இடத்தில் ஏழுக்குப் பதில் ஒன்பது அயர்னை எடுத்து, தூரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அடியுங்கள். நம் கோபத்தில் பாதி தப்பான கிளப்பை எடுத்ததால் வருகிற கோபம் என்பது என் அபிப்பிராயம்.

பொறுமைக்கு உதாரணம் வேண்டும் என்றால் நான் விஜய் சிங்கைத்தான் சொல்வேன். ஃபிஜிக்காரர். நம் தாத்தா பாட்டிகளை இங்கே கித்தாவுக்கு ஏற்றி வந்த மாதிரி, ஃபிஜி இந்தியர்களின் முன்னோர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1980-களின் நடுவில் அவர் சபாவில் கெனிங்காவிலும் பிறகு சரவாக்கில் மிரியிலும் கிளப்களில் கோச்சாக இருந்தார், வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்தார். 1992-இல் மலேசியன் ஓப்பன் ஜெயித்தார், 2001-இல் மறுபடியும். இடையில் 2000-இல் மாஸ்டர்ஸ். உலகத்தில் முதல் இடத்துக்கு வந்தது 2004-இல், 41 வயதில். மிரி வெயிலில் யாரும் பார்க்காமல் பந்து அடித்த நாட்களில் அவர் "போகும் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை, அடுத்த பந்தை எடுத்து வைத்திருப்பார்.

மழை_வருமா:

நடுவில் புகுந்து ஒரு கேள்வி. எனக்கு என் அடியில் கோபம் வருவதில்லை, முன்னால் போகிற ஃபிளைட் (சேர்ந்து ஆடுகிற குழு) ஆமை மாதிரி நகர்ந்தால்தான் வருகிறது. நாலு பேரும் ஒரு பந்தை ஊர் கூடித் தேடுகிறார்கள். இதற்குப் பொறுமை எப்படி?

கணக்குப்பிள்ளை:

பந்து தேட இப்போது மூன்று நிமிடம்தான், முன்னே ஐந்து இருந்தது, 2019-இல் குறைத்துவிட்டார்கள். ஒரு அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றும் அதே விதிப் புத்தகம் சொல்கிறது. இதை அவர்களிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள், சிரித்த முகத்தோடு, "நாங்க முன்னால போயிடலாமா அண்ணே" என்று கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் விடுவார்கள். விடாவிட்டால் கிரீன் ஓரத்தில் சிப் (பந்தைக் கொஞ்சமாகத் தூக்கிப் போடும் சின்ன அடி) அடித்துப் பழகுங்கள். நான் அப்படிக் காத்திருந்த நேரத்தில்தான் சிப் கற்றுக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

மில்_சைரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மில்லில் காய் வரத்து அதிகம்.

ஆட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டேன். சனி இரவு எட்டு மணி நேரம் தூக்கம். இதுவே பாதி வித்தியாசம், அக்கா, ஒப்புக்கொள்கிறேன். முதல் ஞாயிறு தனியாகப் போனேன். போன ஞாயிறு மகனிடம் வருகிறாயா என்று கேட்கவில்லை, ஐயாவின் துண்டுக் கதையை மட்டும் சாப்பிடும்போது சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான் வந்தா துண்டை நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டான். சமையலறையில் ஒரு பழைய துண்டை அவன் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். ஸ்கோர்கார்டிலும் அவனுக்கு வேலை கொடுத்தேன், நான் குறியை வாயால் சொல்லிவிட்டு அடித்தால் ஒரு கோடு, சொல்ல மறந்தால் ஒரு பூஜ்யம்.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஏழாவது குழியில், பார் நான்கு, எனக்கு இரண்டு அடி கிடைக்கிற குழி, முதல் பந்து கானில். சரி என்று இன்னொன்றை எடுத்து வைத்து அடித்தேன், அதுவும் கானில், முதல் பந்து போன இடத்துக்கு ஒரு கை தூரத்தில். கிளப் தோளுக்கு மேலே போய்விட்டது, அது எனக்கே தெரியாது. மகன் இரண்டு அடி பின்னால் நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. இறக்கிவிட்டேன். அவன் துண்டை நீட்டினான். துடைத்தேன். கிளப் முகத்தில் மண்ணே இல்லை, இருந்தாலும் துடைத்தேன். அவனிடம் கொடுத்தேன், நிதானமாக நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்தான், அவன் மடிக்கிற வேகத்துக்கு எனக்குப் பத்து அடி என்ன, ஐம்பது அடி நேரம் கிடைத்தது. ஒன்பதில் முடித்தேன். பூஜ்யம் புள்ளிதானே, பந்தைப் பொறுக்கியிருக்கலாம், ஆனால் அவன் எண்ணிக்கொண்டிருந்தான், பாதியில் விட மனசு வரவில்லை.

மொத்தம் 54 அடி, 14 புள்ளி. முன்னே என்றால் 54-க்கு வீடு வரை பேச மாட்டேன். குறி சொல்ல மறந்தது பதினொரு தடவை, அதில் ஆறு தடவை ஒரு அடி தவறின உடனே அடுத்ததில். ஐயா சொன்ன அதே இடம். அட்டையில் பூஜ்யங்கள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன, பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு உதவி. திரும்பி வரும்போது மகன் சொன்னான், அந்த ஏழு அயர்ன் பிடி மட்டை முள்ளில் கிழிந்திருக்கிறதாம், பிடிக்கும்போது கையில் உறுத்துகிறதாம். அவன் அதை எப்போது பிடித்துப் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. பிடி மாற்ற ஈப்போ வரைக்கும் போக வேண்டுமா, இல்லை இந்தப் பக்கமே யாராவது செய்கிறார்களா?

பழைய_கேடி:

ஈப்போ எல்லாம் வேண்டாம். புதுப் பிடி ஒன்றும், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பும், டர்பன்டைன் கொஞ்சமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா. பழசை அறுத்து எடுக்கக் கத்தி என்னிடம் இருக்கிறது. பையனையும் கூட்டிக்கொண்டு வா, அவன் கை அளவைப் பார்த்துவிட்டு அந்தப் பழைய பட்டரையும் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்கித் தருகிறேன், பெரியவர்கள் நீளத்தைப் பிடித்துக்கொண்டு எப்படி ஆடுவான்.